கறுப்பு மண் என்றாலே நல்ல மண் இல்லை

இலையை மட்டும் கிள்ளி எடுத்து வந்து “இதுக்கு என்ன மருந்து சார்?” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வேர் எங்கே?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா பழுத்த முட்டைக்கோஸ் இலைகளைக் கொண்டுவந்திருந்தார். உச்சி வெயிலில் செடி துவண்டு தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்கிறது, மறுநாள் மறுபடியும் துவள்கிறது. தண்ணீர் போதவில்லை என்று ஊற்றியிருக்கிறார். சத்தில்லை என்று யூரியா போட்டிருக்கிறார். கடையில் சொன்ன மருந்தெல்லாம் இலைமேல் அடித்தாயிற்று. செடியை வேரோடு பிடுங்கி வரச் சொன்னேன். வந்த வேர் விரல் விரலாக வீங்கிக் கிடந்தது. கிளப் ரூட் என்கிற வேர்வீக்க நோய். இந்த மழைக்காலத்தில் இதே வீங்கிய வேரை எத்தனை வீட்டுத் தோட்டத்தில் பார்த்துவிட்டேன்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மண்ணின் அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்பு போட்டீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். “நம்ம ஊர் மண்ணுக்கு எதுக்கு சார் சுண்ணாம்பு? கறுப்பா, பொலபொலன்னு இருக்கே, எதை வச்சாலும் வருமே.” எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான்.

மலை மண் கறுப்பாக இருப்பதற்குக் காரணம், குளிரில் இலைதழை மெதுவாக மட்குவது. மட்கு நிறைய இருப்பது உண்மை. ஆனால் அந்த நிறம் அமிலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. தலைமுறை தலைமுறையாகப் பெய்யும் மழை, மண்ணிலிருந்த கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துச் சரிவில் இறக்கிவிட்டது. நீலகிரியில் மண்ணின் கார அமில நிலை (pH) 4.5-லிருந்து 5.5-க்குள் இருப்பது சர்வ சாதாரணம். நம் காய்கறிகளில் பெரும்பாலானவை கேட்பது 6 முதல் 7 வரை. ஒரு எண்தானே வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். 5 என்பது 6-ஐவிடப் பத்து மடங்கு அமிலம், 7-ஐவிட நூறு மடங்கு.

சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தேயிலை செழிக்கிறதா? அது 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணை விரும்பும் செடி. வேலியோரம் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறதா? அமில மண்ணில் கரைந்துவரும் அலுமினியம் தரும் நிறம் அது. இவ்வளவு சாட்சி கண்முன் நிற்கும்போது, தேயிலைக்கு ஒத்துப்போகும் மண்ணில் முட்டைக்கோஸும் பீட்ரூட்டும் அப்படியே வரும் என்று எப்படி நம்புகிறோம்? இந்த மண்ணில் நீங்கள் போடும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். செடிக்குக் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று இன்னும் யூரியா போட்டால் அமிலம் இன்னும் ஏறும். செலவும் உங்களுடையது, கெடுவதும் உங்கள் மண்.

வேர்வீக்கக் கிருமிக்கு ஈரமும் அமிலமும் இருந்தால் போதும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், கடுகுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றையும் தாக்கும். வீங்கிய வேர் அழுகினால் கிருமியின் வித்துகள் மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். இலைமேல் அடிக்கும் எந்த மருந்தும் வீங்கிய வேரைத் திரும்பச் சரியாக்காது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

ஆகவே முதல் வேலை மண் பரிசோதனை. ஊட்டியிலேயே அரசு மண் பரிசோதனை நிலையம் இருக்கிறது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து வராதீர்கள். தோட்டத்தில் பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரை கிலோ கொடுத்தால் போதும். உரம் போட்ட கையோடு எடுத்த மண் வேண்டாம்.

சுண்ணாம்பு என்றால் வெள்ளையடிக்கும் சுட்ட சுண்ணாம்பு இல்லை. அது கையையும் சுடும், வேரையும் சுடும். டோலமைட் தூள் வாங்குங்கள், கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே கிடைக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்று தொடங்கி, பரிசோதனை முடிவைப் பார்த்துக் கூட்டலாம். நடவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மண்ணோடு கொத்திக் கலந்துவிட வேண்டும். அன்றைக்கே யூரியாவோ பச்சைச் சாணமோ சேர்க்காதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். சீக்கிரம் சரியாகட்டும் என்று மூட்டையாகக் கொட்டவும் வேண்டாம். அளவு மீறினால் போரான் என்கிற நுண்ணூட்டம் கிடைக்காமல் காலிஃபிளவர் தண்டு உள்ளே பொந்தாகும்.

உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் கை அடங்கட்டும். அது அமிலத்தைத் தாங்கும். நடுவதற்குச் சற்று முன்னால் சுண்ணாம்பு போட்டால் தோலில் சொறி வரும். உருளையில் இலை கருகினால் அது வேறு கதை: மூடுபனி நாட்களில் வரும் பின்கருகல். மார்கழி, தையில் ஒரே இரவில் இலை கருகினால் உறைபனி. இரண்டுக்கும் சுண்ணாம்பைக் குறை சொல்லிக்கொண்டு வராதீர்கள்.

நாற்று வாங்கும்போது இலையின் பசுமையைப் பார்த்து மயங்காமல் ஒன்றிரண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு முடிச்சு இருந்தாலும் அந்தக் கட்டே வேண்டாம். வேறு தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு வரும் மண்வெட்டியையும் பூட்ஸையும் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள். தண்ணீர் தேங்காதபடி மேட்டுப்பாத்தி போடுங்கள். நோய் கண்ட பாத்தியில் கோஸ் குடும்பத்தையே சில வருடம் மறந்துவிட்டு கேரட், பட்டாணி, பீன்ஸ், பூண்டு என்று மாற்றுங்கள்.

நோய் வந்த செடியை வேர் அழுகும் முன் பிடுங்கி, உலர்த்தி எரித்துவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மாட்டுக்கும் போட வேண்டாம், வித்து சாணத்தோடு பிழைத்து வெளியே வரும். ஓடையில் வீசுவது எல்லாவற்றிலும் மோசம். மலையில் ஒருவர் பாத்தியில் வழியும் தண்ணீர் அடுத்த படியில் இருப்பவர் பாத்திக்குத்தான் போகிறது. தயவுசெய்து, உங்கள் தோட்டத்தில் வேர் வீங்கியிருந்தால் கீழே பயிர் வைத்திருப்பவரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். அடுத்த நாற்று வாங்கும் முன் அவருக்குத் தெரியட்டும்.