விற்பதற்கு முன் கிட்டாரில் கை வைக்காதீர்கள்

சென்ற வாரம் ஒரு தம்பி கிட்டாரோடு, கிட்டார் பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு வந்தார். விற்கப்போகிறாராம், இணையத்தில் என்ன விலை போடலாம் என்று கேட்க வந்திருந்தார். பெட்டியைத் திறந்தவுடன் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே கிடந்தது அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் செய்த டி-28 என்ற கிட்டார். கப்பலில் பொறியாளராக இருந்த அவருடைய அப்பா, அமெரிக்கத் துறைமுக நகரம் ஒன்றில் அதை வாங்கி வந்தாராம். ஒலித்துளை வழியாக விளக்கடித்து, கழுத்தும் உடலும் சேரும் உட்கட்டையில் பொறித்திருந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டியலோடு ஒப்பிட்டேன். 1967-இல் செய்தது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்த ஆண்டைச் சொன்னாலே போதும். மற்றவர்களுக்காக: 1969 வரை டி-28 கிட்டாரின் முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட் மரத்தால் ஆனவை. அதன் பிறகுதான் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். அது வேறெதுவும் இல்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. ஈட்டி அருமையான மரம், அதில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்தப் பழைய பிரேசில் மரத்தைத்தான். அப்படிப்பட்ட கிட்டாரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் வைத்து, உப்புத்தாளால் உடம்பு முழுவதும் தேய்த்து, ஹார்டுவேர் கடையில் வாங்கிய வார்னிஷை இரண்டு கோட் அடித்திருக்கிறார்.

“பார்க்கப் பழசாக இருந்தது சார். பளபளவென்று இருந்தால்தானே நல்ல விலைக்குப் போகும்?”

இந்த ஆண்டில் இதே காரியத்தைச் செய்துவிட்டு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். பொறுமை போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வீட்டை வாடகைக்கு விடும் முன் வெள்ளையடிக்கிறோம். மாட்டைச் சந்தைக்கு ஓட்டும் முன் குளிப்பாட்டுகிறோம். பழைய காரைக்கூட பாலிஷ் போட்டுத்தான் நிறுத்துகிறோம். கிட்டாரும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. நல்ல பழைய கிட்டாரைப் பழைய நாணயத்தோடு ஒப்பிடுங்கள். தாத்தா காலத்து வெள்ளி நாணயத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோனால், நாணயம் சேர்ப்பவர் என்ன செய்வார்? ஒரு பார்வை பார்த்துவிட்டு வெள்ளியின் எடைக்கு விலை சொல்வார். கிட்டார் வாங்க வருபவரும் அதைத்தான் செய்கிறார்.

மார்ட்டினும், இன்னொரு அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஜிப்சனும் பூசும் நைட்ரோ லாக்கர் மிக மெல்லிய பூச்சு. ஆண்டுகள் ஏற ஏற அது மஞ்சளாகும். குளிரிலும் வெயிலிலும் தலைமுடி போன்ற கோடுகள் ஓடும். நீங்கள் அழுக்கு என்று நினைக்கும் அந்த மஞ்சளும், விரிசல் என்று பயப்படும் அந்தக் கோடுகளும்தான் கிட்டாரின் வயதுக்குச் சாட்சி. வாங்குபவர் உருப்பெருக்கியை வைத்துத் தேடுவதே அவற்றைத்தான். தேய்த்து எடுத்துவிட்டால் சாட்சி போனது. இனி யார் வந்தாலும் அதைத் திரும்ப வைக்க முடியாது. அதோடு முடிவதில்லை. மேல்பலகையின் தடிமன் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். உப்புத்தாள் லாக்கரை மட்டும் எடுத்துவிட்டு மரத்தை விட்டுவைப்பதில்லை. மெலிந்த பலகை சுமார் 70 கிலோ கம்பி இழுவையைத் தாங்க வேண்டும். அதன் மேல் கெட்டியாக ஒரு வார்னிஷ் படலம் வேறு உட்கார்ந்தால், அதிர வேண்டிய பலகை எப்படி அதிரும்? தோற்றத்துக்காகச் செய்த வேலை ஒலியையும் கொண்டுபோய்விடுகிறது.

ஸ்பெயினில் கையால் செய்த ஒரு கிளாசிக்கல் கிட்டாருக்கு நேர்ந்ததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. வாங்குபவர் பார்க்க வருகிறார் என்று, கை கழுவும் சானிட்டைசரைப் பஞ்சில் நனைத்து மேலெல்லாம் துடைத்திருக்கிறார்கள். அந்த வகைக் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் பிரெஞ்சு பாலிஷ்தான் போடுவார்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தடவித் தடவி ஏற்றும் பூச்சு அது. நம் ஊர்த் தச்சர்களுக்கும் நன்கு தெரிந்த வேலை. ஸ்பிரிட்டில் கரைந்தது மறுபடி ஸ்பிரிட் பட்டால் கரையாதா? மேல்பலகை முழுவதும் தேமல் விழுந்ததுபோல் ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பிரெஞ்சு பாலிஷ் என்பதால்தான் அதையாவது செய்ய முடிந்தது.

அடுத்தது, சூப்பர் குளூ. பெரும்பாலான ஜிப்சன் கிட்டார்களின் தலை 17 பாகை பின்னால் சாய்ந்திருக்கும். அங்கே மரத்தின் ரேகை குறுக்கே ஓடுகிறது, போதாக்குறைக்கு கழுத்தை நேராக வைக்கும் இரும்புக் கம்பிக்காக உள்ளே குடைந்தும் இருக்கிறார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒரு முறை விழுந்தால் போதும், தலை முறிந்துவிடும். முறிந்ததைப் புதிதாகவே கொண்டுவந்தால், மரப்பசையும் கிளாம்பும் வைத்து உறுதியாக ஒட்டிவிடலாம். விலை இறங்கும், ஆனால் கிட்டார் இன்னொரு 30 ஆண்டு பாடும். “ஒட்டினால் தெரியாது” என்று வீட்டிலேயே சூப்பர் குளூவை ஊற்றிவிட்டுக் கொண்டுவருகிறார்களே, அவர்களுக்கு என்னால் அதிகம் உதவ முடிவதில்லை. அது மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. பிறகு நல்ல பசை பிடிப்பதில்லை. முறிவை மறைத்து விற்பது ஏமாற்று வேலை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முறிவுக்கோடு தெரியும். எங்களுக்கு மட்டுமல்ல, விவரம் தெரிந்த எந்த வாங்குபவருக்கும் தெரியும்.

கம்பியை முறுக்கும் பழைய டியூனர்களில் துரு ஏறியிருக்கிறது என்று புதிதாக மாற்றி, அதற்காகத் தலையில் புதுத் துளை போடாதீர்கள். ஏற்கெனவே மாற்றியிருந்தால், கழற்றிய உறுப்புகள் அத்தனையும், வளைந்த திருகாணி உட்பட, ஒரு பையில் போட்டுக் கிட்டாரோடு கொடுங்கள். கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பழைய பிக்கப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னபோது எனக்கு நெஞ்சே அடைத்தது. கிட்டாரோடு வந்த பெட்டிக்கும் விலை உண்டு. அதை வெங்காயம் வைக்கும் பரணில் போட்டிருந்தால், தயவுசெய்து இன்றே இறக்கிவிடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் செய்யலாம்? உலர்ந்த மென்மையான பருத்தித் துணியால் தூசி தட்டுங்கள். புதுக் கம்பி போடுங்கள். அவ்வளவுதான். கழுத்து வளைந்திருந்தால், கம்பி உயர்ந்திருந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அரை மணி நேர வேலை. பிறகு பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அழகான படத்தை முதலில் போடாமல், கீறலையும் பள்ளத்தையும் முதலில் போடுங்கள். தலையின் பின்பக்கம், மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் விளிம்பு, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் உலோகப் பட்டைகளின் தேய்மானம், உள்ளே இருக்கும் சீட்டு, வரிசை எண் எல்லாம் வேண்டும். பொதுவெளியில் போடும்போது எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துக்கொள்ளுங்கள், உண்மையாக வாங்க வருபவருக்கு முழுதாகக் காட்டினால் போதும். விலையைப் பொறுத்தவரை, மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள்.

விற்கும் கிட்டார் அசல்தானா என்பதையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தலையின் அடிப்பகுதியில் இருக்கும் மணி வடிவத் தகட்டை ஜிப்சனில் 2 திருகாணிகள் பிடித்திருக்கும். போலிகளில் பெரும்பாலும் 3. இது ஓர் அறிகுறிதான், முழுத் தீர்ப்பு இல்லை. நீங்கள் முன்பு ஏமாந்து வாங்கியிருந்தால் வருந்துகிறேன். அதே ஏமாற்றத்தை அடுத்தவர் தலையில் கட்டாதீர்கள்.

வெளிநாட்டுக்காரர் நல்ல விலை தருகிறார் என்று பழைய பிரேசில் ரோஸ்வுட் கிட்டாரை அனுப்பிவிடாதீர்கள். 1992 முதல் அந்த மரம் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது; உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிபோகும். மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017-இல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கிடைத்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பணம் வாங்குவதில் கவனம். கிட்டாரைப் பார்க்காமலே, பேரம் பேசாமலே, “நான் இராணுவத்தில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்” என்று எவராவது சொன்னால் உடனே போனை வையுங்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். ரகசிய எண்ணைப் போட்டால் உங்கள் பணம்தான் வெளியே போகும். பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் அந்த நிமிடமே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். தாமதித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கடினம்.

நேரில் விற்பதுதான் என் விருப்பம். பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், வாங்குபவர் ஒரு மணி நேரமாவது வாசித்துப் பார்க்கட்டும். வரிசை எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் கிட்டாரைக் காருக்குள் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பசை இளகி பிரிட்ஜ் எழும்பிவிடும். பார்சலில்தான் அனுப்ப வேண்டுமென்றால், கம்பிகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கித் தளர்த்துங்கள். தலைக்குக் கீழேயும் இரு பக்கமும் துணியோ நுரையோ கொடுங்கள். பெட்டிக்குள் கிட்டார் கொஞ்சமும் ஆடக் கூடாது. பெட்டியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து மறுபடி இடைவெளியை நிரப்புங்கள். காப்பீடு எடுக்காமல் அனுப்பவே வேண்டாம்.

அந்தத் தம்பி கிட்டாரை இன்னும் விற்கவில்லை. அப்பா அதில் கடைசியாக எப்போது வாசித்தார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பெட்டியின் கொக்கியை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். வார்னிஷை எடுக்க முடியுமா என்று நேற்று இரவு மறுபடி கேட்டு அனுப்பியிருந்தார். கொண்டுவாருங்கள், மேல்பலகையில் எவ்வளவு தடிமன் மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.