பூட் ஆவணத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இயங்குதளம் பூட் ஆவதை, அதாவது கணினியை ஆன் செய்ததும் அது படிப்படியாகத் தொடங்குவதை, விளக்கும் ஆவணத்தைச் சரிபார்க்கக் கொடுத்தால் நான் முதலில் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரே கேள்வியைக் குறித்துக்கொண்டே போவேன்: இந்த நொடியில் கணினிக்குள் என்னென்ன தயாராக இருக்கிறது? மற்ற மென்பொருள் ஆவணங்களில் இதற்கு அவசியமே வராது, கோப்பைத் திற என்றால் திறந்துவிடும். பூட் தொடங்கும்போது கோப்பு என்ற ஏற்பாடே கிடையாது.

இன்டெல் பிசியில் பவர் பட்டனை அழுத்தியதும் புராசசர் முதல் கட்டளையைத் தேடிப்போகும் முகவரி, 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே இருக்கிறது. அங்கே இருப்பது ரேம் அல்ல, பயாஸ் என்ற தொடக்க நிரல் குடியிருக்கும் மதர்போர்டின் ஃபிளாஷ் சிப். 16 பைட்டில் என்ன எழுதிவிட முடியும்? வேறோர் இடத்துக்குத் தாவு என்று ஒரு கட்டளை, அவ்வளவுதான். ஆகவே "பயாஸ் ரேமில் ஏற்றப்பட்டு இயங்கத் தொடங்கும்" என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தால் வட்டம் போட்டுவிடுவேன். யார் ஏற்றியது? ரேமைத் தயார் செய்வதே அந்த நிரல்தானே!

அப்புறம், பழைய பயாஸ் முறையில், அந்த நிரல் டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது வெறும் 512 பைட்டை, அப்படியே எடுத்து நினைவகத்தில் 7சி00 என்ற பதினாறடிமான முகவரியில் (நம் கணக்கில் 31,744) வைத்துவிட்டுக் கட்டுப்பாட்டை அங்கே கொடுத்துவிடும். இந்தச் செக்டரின் கடைசி இரண்டு பைட்டில் ஒரு முத்திரை உண்டு. சில ஆவணங்கள் அதை 55ஏஏ என்கின்றன, சில ஏஏ55 என்கின்றன. புதிதாகப் பார்ப்பவர் ஏதோ ஒன்று அச்சுப்பிழை என்று நினைத்து 'திருத்தி'விடுவார், அதுதான் வம்பு. டிஸ்க்கில் 510-ஆம் பைட்டில் 55, 511-இல் ஏஏ. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படிக்கும்போது இந்தப் புராசசர் பின்னால் வரும் பைட்டைத்தான் உயர்ந்த இடத்தில் வைக்கும், அதனால் அது ஏஏ55 ஆகிவிடுகிறது. இரண்டும் சரிதான், ஆனால் பைட் வரிசையைச் சொல்கிறோமா, எண்ணைச் சொல்கிறோமா என்று ஆவணம் சொல்லியாக வேண்டும். இதை மாற்றிப் போட்டால் பெரும்பாலான பயாஸ்கள் பூட் செய்ய எதுவுமில்லை என்று கைவிரித்துவிடும்.

முத்திரைக்கு 2, டிஸ்க்கின் பிரிவுகளைக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் என்பதால் மேலே உள்ள பத்தியைக்கூட அதில் திணிக்க முடியாது. இயங்குதளத்தை ரேமுக்குக் கொண்டுவரும் கிரப் மாதிரியான பூட்லோடர்கள் துண்டு துண்டாக வருவது இதனால்தான்: சின்னது பெரியதைக் கூப்பிடும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்தபின் இந்த நெருக்கடி போய்விட்டது, ஃபேட் கோப்பு முறையை அதுவே படித்துக்கொள்ளும்.

சரி, லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, ரேமுக்கு வந்துவிட்டது. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரோ அதே டிஸ்க்கில் மாட்யூலாக, அதாவது தனிக் கோப்பாகக் கிடக்கிறது. பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிய கதை. அதனால்தான் பூட்லோடர் கர்னலோடு ஒரு சின்னப் பொட்டலத்தையும் ரேமில் வைக்கிறது, அதுதான் இனிட்ராம்எஃப்எஸ். இதற்கு முன்பு இருந்த இனிட்ஆர்டி ஒரு டிஸ்க் பிம்பம், இதுவோ ரேமிலேயே பிரித்து வைக்கப்படும் சிபிஐஓ வகைக் கோப்புத் தொகுப்பு. கிரப்பில் கட்டளைக்குப் பழைய பெயரே நீடிப்பதால் ஆவணம் எழுதுபவர்கள் இரண்டையும் குழப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். (கர்னல் கோப்பின் வடிவமான பிஇசட்இமேஜில் உள்ள பிஇசட்டை, பிசிப்2 என்ற கோப்பைச் சுருக்கும் முறை என்று விளக்கியிருப்பார்கள், அதையும் அடித்துவிடுங்கள். அது 'பெரிய இசட்இமேஜ்' என்பதன் சுருக்கம்.)

முதல் புராசஸ் (இயங்கும் நிரல்) ரூட் டிஸ்க்கிலிருந்து, அதாவது இயங்குதளக் கோப்புகள் உள்ள டிஸ்க்கிலிருந்து தொடங்குகிறது என்று எழுதியிருந்தால் அங்கேயும் பென்சில் நிற்கும். பொட்டலத்தில் உள்ள இனிட் என்ற தொடக்க நிரல்தான் 1-ஆம் எண் புராசஸாகக் கிளம்புகிறது. டிரைவரை ஏற்றி, உண்மையான ரூட் டிஸ்க்கை மவுண்ட் செய்து (அதன் கோப்புகளைத் திறக்கும்படி இணைத்து), அங்கே இருக்கும் இனிட்டுக்குத் தன் எண்ணையே விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்ளும். இதற்கப்புறம் கோப்பைத் திற என்றால் திறக்கும். நானும் எழுத்துப்பிழை பார்க்க ஆரம்பிப்பேன்.