யு19 ஆய்வுத் திட்டத்தின் நிர்வாகப் பிரிவு என்ன செய்கிறது?

அமெரிக்காவின் தேசிய ஒவ்வாமை, தொற்றுநோய் நிறுவனம் நோயெதிர்ப்பியல் ஆய்வுக்கு 'யு19' என்ற வகையில் நிதி தருகிறது. பல பல்கலைக்கழக ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே கேள்வியை ஆராயும். பணம் முதன்மைப் பல்கலைக்கழகத்துக்கு வரும். மற்றவர்களுக்குத் துணை ஒப்பந்தம் வழியாகப் போகும். இதையெல்லாம் கவனிக்கத் தனியாக ஒரு நிர்வாகப் பிரிவு உண்டு. அது அசந்தால் ஆய்வு எங்கெல்லாம் தடைபடும் என்பதை ஒரு ரத்த மாதிரியை வைத்தே பார்க்கலாம்.

தன்னார்வலரின் ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்கள் திரவ நைட்ரஜன் ஆவியில், மைனஸ் 150 டிகிரி செல்சியஸுக்கும் கீழே உறைந்திருக்கும். வேறு ஆய்வகத்துக்கு அனுப்புமுன் அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் பகிர்வதற்கு இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். குப்பியில் பெயர் கூடாது, குறியீட்டு எண் மட்டுமே. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் மாதிரி எடுத்த இடத்திலேயே இருக்கும். மாதிரியைக் கொடுப்பவரும் பெறுபவரும் செய்துகொள்ளும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் விஞ்ஞானியின் கையெழுத்து மட்டும் போதாது, நிறுவனத்தின் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட வேண்டும். வாரக்கணக்கில் தாமதம் ஆவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்து பெட்டி. கசியாத குப்பி, உறிஞ்சு பொருளோடு கசியாத இரண்டாம் உறை, அதற்கு மேல் உறுதியான வெளிப்பெட்டி. மேலே யு.என். 3373 அடையாளம் (உயிரியல் பொருள் என்பதைக் காட்டும் ஐ.நா. எண்). குளிருக்கு உலர்பனி (திட கார்பன் டை ஆக்சைடு) வைத்தால் அதற்குரிய யு.என். 1845 அடையாளமும் அதன் நிகர எடை கிலோகிராமிலும் வேண்டும். உலர்பனி வாயுவாக மாறிக்கொண்டே இருப்பதால் காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி வெடிக்கக்கூடும். அதோடு உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78.5 டிகிரிதான்; அதில் நாள்கணக்கில் கிடந்தால் செல்களின் செயல்திறன் குறையும். செல்லை உயிரோடு சோதிக்க வேண்டுமென்றால் நைட்ரஜன் ஆவிக் கலத்தில் அனுப்புவதே நல்லது. வியாழன், வெள்ளியில் அனுப்பவே கூடாது: பெட்டி சனி, ஞாயிறு கிடங்கில் கிடக்கும்.

பணத்தில் வரும் சிக்கல் வேறு மாதிரி. துணை நிறுவனங்கள் பில் அனுப்பத் தாமதித்தால், செலவான பணமும் செலவாகாதது போலக் கணக்கில் நிற்கும். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக இவ்வகை நிதியில் பொதுவாக முன்அனுமதி வேண்டும். ஆண்டறிக்கை திட்டத்தின் அடுத்த நிதியாண்டு தொடங்குவதற்கு 60 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். ஆகவே ஆய்வகங்களிடம் மூன்று மாதத்துக்கு முன்பே கேட்கத் தொடங்குவது புத்திசாலித்தனம். அறிக்கையில் சொன்ன கட்டுரை பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச இணையக் கட்டுரைக் களஞ்சியத்தில் சேர்க்கப்படாவிட்டால் அடுத்த ஆண்டு நிதியே தாமதமாகலாம்.

தரவுப் பகிர்வுக்கு 2023 ஜனவரி 25 முதல், நிதி தரும் நிறுவனத்தின் தாய் அமைப்பான என்.ஐ.எச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்) விதி நடப்பில் உள்ளது. நோயெதிர்ப்பியல் தரவுகள் பெரும்பாலும் இம்போர்ட் (ImmPort) என்ற தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். அங்கே மாட்டிக்கொள்வது எண்களில்தான். ஓர் ஆய்வகம் தன்னார்வலருக்குக் கொடுத்த '007' என்ற எண், எக்செலில் திறந்ததும் வெறும் '7' ஆகிவிடும். இரண்டும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது. எண்களை எழுத்தில் தொடங்கும்படி அமைத்து, முதல் மாதிரி எடுக்குமுன்பே எல்லா ஆய்வகங்களுக்கும் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.