வாலட்: பணப்பையா, சாவிக்கொத்தா?

கிரிப்டோகரன்சி என்னும் இணையக் காசு பற்றித் தமிழில் எழுதுவோர், அதைக் கையாளும் செயலியான ‘வாலட்’ என்பதைப் ‘பணப்பை’ என்றோ ‘மின்பணப்பை’ என்றோ எழுதுகிறார்கள். அகராதியைப் பார்த்தால் தவறில்லை. ஆனால் கிரிப்டோவில் அந்தச் சொல், புதிதாக வருபவரைக் காக்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் காக்கச் சொல்கிறது.

ஆங்கிலத்தில் வாலட் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் சொல். அப்போது அது வழிப்போக்கர் தோளில் போட்டுச் சென்ற மூட்டைப்பை. நோட்டை மடித்து வைக்கும் தோல் உறைக்கு அந்தப் பெயர் வந்தது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்தான். தமிழில் இதற்கு ஈடான சொற்கள் நிறையவே உண்டு. பொன்னை முடிந்து வைத்த துணி கிழி. புலவருக்குத் தந்தது பொற்கிழி. பணமுடிப்பு, சுருக்குப்பை என்றும் சொல்கிறோம். ரோமானியக் காசு புதையலாகக் கிடைத்த வெள்ளலூரும் கரூரும் நம் கொங்கு நாட்டில்தான் இருக்கின்றன. காசை முடிந்து வைக்கும் பழக்கம் இங்கே அவ்வளவு பழசு. இந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் காசு உள்ளே இருக்கிறது. பை தொலைந்தால் காசும் தொலைந்தது.

கிரிப்டோ வாலட்டுக்குள் காசு கிடையாது. சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று பிட்காயின் என்ற கிரிப்டோகரன்சியை விளக்கும் கட்டுரை வெளிவந்தது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் ஓடத் தொடங்கியது. அதன் கணக்கு முழுவதும் உலகெங்கும் பல ஆயிரம் கணினிகள் படியெடுத்து வைத்திருக்கும் ஒரே பேரேட்டில் இருக்கிறது. பேரேடு என்றால் என்னவென்று ஈரோட்டு மஞ்சள் மண்டியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேரேட்டில் உங்கள் கணக்கிலிருந்து ஒரு தொகையை இன்னொருவருக்கு மாற்ற, உங்களிடம் மட்டும் இருக்கும் ஒரு பெரிய இரகசிய எண்ணால் ஒப்பமிட வேண்டும். தொடக்ககாலப் பிட்காயின் மென்பொருள் அந்த எண்களை ‘வாலட்.டாட்’ என்ற கோப்பில் சேமித்தது. சாவிகள் இருந்த கோப்புக்குப் பையின் பெயர் வைக்கப்பட்டது, அதுவே நிலைத்துவிட்டது.

ஆகவே பொருளுக்குச் சரியான தமிழ் ‘சாவிக்கொத்து’. வீட்டுப் பெரியம்மா இடுப்பில் செருகியிருக்கும் கொத்து மாதிரி: பீரோவில் இருப்பது கொத்துக்குள் இல்லை, ஆனால் கொத்து யார் கையில் இருக்கிறதோ அவர் பீரோவைத் திறக்கலாம். சாவி போர்த்துக்கீசிய ‘சாவே’யிலிருந்து வந்தது, திறவுகோல் என்று எழுதக் கூடாதா என்று கேட்பார்கள். கட்டுரையில் தாராளமாக எழுதலாம். செயலியின் திரையில், அவசரத்தில் படிப்பவருக்குச் சாவிதான் உடனே புரியும். ‘தனிப்பட்ட விசை’ என்ற மொழிபெயர்ப்பை மட்டும் விட்டுவிடலாம். விசை என்றதும் விசைப்பலகைதான் நினைவுக்கு வருகிறது. ‘இரகசியச் சாவி’ போதும்.

இந்தச் சொல்தேர்வு கொங்கு நாட்டில் இன்னும் முக்கியம். பெருந்துறை ஈமு பண்ணைகள் 2012இல் முதலீட்டாளர்களின் பணத்தோடு கவிழ்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வழக்கில் 2022இல் கோவை நீதிமன்றம் 27 ஆண்டுச் சிறை விதித்ததும் எல்லோருக்கும் தெரியும். இப்படி அடிபட்ட ஊரில் முதலில் வரும் கேள்வி இலாபத்தைப் பற்றியதாக இருக்காது. “ஏனுங்க, போன் தொலைஞ்சு போச்சுன்னா காசும் போயிருமுங்களா?” என்றுதான் கேட்பார்கள். பணப்பை என்று எழுதிய செயலியிடம் இதற்கு நேரான பதில் இல்லை. சாவிக்கொத்து என்று எழுதியவர் சொல்லலாம்: “போகாதுங்க. காசு போன்ல இல்லீங்க, சாவிதான் இருக்குது. சாவியைத் திரும்ப எடுக்கச் செயலி தர்ற மீட்புச் சொல்லை எழுதி வெச்சிருந்தா வேற போன்ல எடுத்துக்கலாமுங்க. அந்தச் சொல்லை வேறொருத்தர் பாத்துட்டா மட்டும் எங்களாலயும் திருப்பித் தர முடியாதுங்க.” கடைசி வாக்கியத்தை மறைக்காமல் சொல்பவரைத்தான் நம்பலாம்.

கிரிப்டோ வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தில் திறக்கும் கணக்கையும் வாலட் என்றே அழைக்கிறார்கள். அங்கே சாவி அவர்களிடம் இருக்கிறது. 2014இல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானபோதும், 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வசீர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் களவுபோனபோதும் வாடிக்கையாளர் கையில் சாவி இல்லை. அதை ‘ஒப்படைப்புக் கணக்கு’ என்று தனியே பெயரிட்டால் நேர்மையாக இருக்கும்.

மேலே சொன்ன மீட்புச் சொற்கள், ஆங்கிலத்தில் ‘சீட் ஃபிரேஸ்’. தமிழில் ‘விதைச் சொற்றொடர்’ என்று அப்படியே பெயர்க்கிறார்கள். அது தொடரே இல்லை. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பொறுக்கிய 12 அல்லது 24 தனிச்சொற்கள், வரிசை மாறக் கூடாது. 2013இல் வந்த பிப்-39 என்ற வரையறை இதை வகுத்தது. ஆங்கிலப் பட்டியலில் முதல் நான்கு எழுத்தை வைத்தே எந்தச் சொல்லையும் அடையாளம் காணலாம். ஜப்பானியம், கொரியம், செக் போன்ற மொழிகளுக்கும் பட்டியல் உண்டு, தமிழுக்கு இல்லை.

இது பெரிய குறை. ஆங்கிலம் படிக்காத ஒருவர் அச்சொற்களைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? ‘வலது’ என்று பொருள்படும் ரைட்டும் ‘எழுது’ என்று பொருள்படும் ரைட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. தமிழ்ப் பட்டியல் செய்வதும் எளிதல்ல. புலி, புளி இரண்டில் ஒன்றைத்தான் சேர்க்க வேண்டும். மனம், மணம் இரண்டிலும் அப்படியே. யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம் என்பதால், எப்படி உள்ளிட்டாலும் ஒன்றாகவே கணக்கிடப்பட வேண்டும். மொழி தெரிந்தவரும் நிரல் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலைதான். கோவையில் இரு தரப்பாரும் இருக்கிறார்கள்.

அதுவரை செயலி செய்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்திலேயே பெரிதாகக் காட்டி, பக்கத்தில் வரிசை எண்ணும் தமிழ்ப் பொருளும் தரட்டும். பேனாவால் எழுதச் சொல்லட்டும், ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கட்டும், இடையிடையே சில சொற்களைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்த்த பிறகே பணம் பெறும் முகவரியைக் காட்டட்டும்.