மாநாட்டுத் திரையில் மாணவர்களின் மதிப்பெண்

கல்வியில் புதிய தொழில்நுட்பம் பற்றி இணையவழி மாநாடு நடத்துகிறவர்கள் எதற்கெல்லாமோ கூட்டம் போடுவார்கள்: ஜூமா டீம்ஸா, தொடக்கவுரை யார், சான்றிதழில் யார் யார் கையெழுத்து. திரையில் யாருடைய மதிப்பெண் தெரியப்போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த ஒருங்கிணைப்பு வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்.

பேச்சாளர் மாணவர்களின் தேர்ச்சியை முன்கூட்டியே கணிக்கும் ஏஐ கருவியைப் பற்றிப் பேசுகிறார், ஸ்லைடு வரை எல்லாம் சரி, "நேரடியாகவே காட்டிவிடுகிறேனே" என்று பாடங்களையும் மதிப்பெண்களையும் வைத்திருக்கும் மூடில் (Moodle) தளத்தில் தன் வகுப்பின் பக்கத்தைத் திறக்கிறார், அவ்வளவுதான், பெயர், மின்னஞ்சல், மதிப்பெண், யார் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்பது வரை வரிசையாக வந்து நிற்கிறது. அரங்கத்தில் என்றால் பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். இங்கே அது பதிவாகி யூடியூபில் ஏறி, யார் வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் படிக்கும்படி கிடக்கும். டெமோவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கற்பனைப் பெயர்களோடு ஒரு மாதிரி வகுப்பை உருவாக்கி அதைக் காட்டட்டும், ஒரு மணி நேர வேலைகூட இருக்காது.

ஸ்லைடும் அவ்வளவு பத்திரமில்லை. பவர்பாயிண்டில் படத்தை கிராப் செய்தால் வெட்டிய பகுதி கண்ணுக்குத் தெரியாதே தவிர கோப்புக்குள் அப்படியே இருக்கும், கோப்பு கைக்கு வந்தவர் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் படமும் திரும்ப வந்துவிடும். படத்தைச் சுருக்கும் வசதியில் வெட்டிய பகுதியை நீக்கு என்றொரு தேர்வு உண்டு, அதைக் கொடுத்தால்தான் போகும். பிடிஎஃபில் பெயர் மேல் கறுப்புப் பட்டை ஒட்டுவதும் இதே கதைதான், பட்டைக்கு அடியில் உள்ள எழுத்தைப் பல நேரம் காப்பி செய்து எடுத்துவிடலாம். அப்புறம், பெயரை நீக்கிவிட்டு "12 பேர் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள ஒரே மாணவி" என்று எழுதினால், தெரிந்தவர்களுக்குப் பெயர் எதற்கு?

இப்போது இன்னொரு விருந்தாளியும் வருகிறார். பங்கேற்பாளர் தானே வராமல் ஓட்டர் (Otter) மாதிரி, பேசுவதைப் பதிந்து தானே குறிப்பெடுக்கும் மென்பொருளை அனுப்பிவிடுகிறார். நீங்கள் பதிவை நிறுத்தினாலும் அது நிறுத்தாது. காத்திருப்பு அறையிலேயே அதை மறுத்துவிடுங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கு எழுத்துவடிவம் வேண்டுமே என்றால், மாநாட்டுத் தளத்தின் கேப்ஷனை நீங்களே இயக்கிக் கொடுங்கள்.

ஆய்வில் சேர மாணவர் கொடுத்த ஒப்புதல் தன் விவரத்தை ஊருக்கே காட்டக் கொடுத்த ஒப்புதல் ஆகாது. 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கெல்லாம் பெரிய அபராதமே உண்டு. திரையில் மாணவர் விவரம் ஏதாவது வருமா என்று கட்டுரை ஏற்பு மின்னஞ்சலிலேயே பேச்சாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். யூடியூபில் நேரலை போடாதீர்கள். பதிவை ஒருவர் முழுக்கப் பார்த்து, தேவையான இடத்தை வெட்டியோ மங்கலாக்கியோ முடித்த பிறகு ஏற்றினால் போதும், இரண்டு நாள் தாமதமானால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.