ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுற லைசென்ஸ் எரர்

ஆராய்ச்சி மாணவர் ஒருத்தர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். மேட்லாப்ங்கிற கணக்கு சாஃப்ட்வேர்ல எழுதின ஸ்க்ரிப்ட, மேட்லாப் இல்லாத கம்ப்யூட்டர்லயும் ஓடுற மாதிரி எக்ஸி ஃபைலா மாத்தணும், அதுக்கு எம்சிசி கமாண்ட் அடிச்சா "குட் நாட் செக் அவுட் எ கம்பைலர் லைசென்ஸ்"னு வந்து நின்னுடுதாம். சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு கீழ போய் டீ குடிச்சுட்டு வந்தா சில நாள் சரியாகுது, சில நாள் ஆகல. லேப் சீனியர் ஒருத்தர் "ஒரு தடவ பத்தாது தம்பி, ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணு"ன்னு சொல்லிக் கொடுத்திருக்கார், அதுவும் பெரும்பாலும் பலிக்குதாம். இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டிருக்கார்.

வேலை செய்யுறது ரீஸ்டார்ட் இல்ல. டீ.

அதுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த வேகமா சொல்லிடறேன். மேட்லாப் வாங்கினா, ஸ்க்ரிப்ட எக்ஸியா மாத்தித் தர்ற கம்பைலர் கூடவே வந்துடும்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, வராது, அது தனி ப்ராடக்ட், தனி காசு. இன்னொண்ணு, பேர்தான் கம்பைலர், 2004ல ஆர்14ங்கிற வெர்ஷன் வந்ததுல இருந்து அது உங்க கோட மெஷின் கோடா மாத்துறதே இல்ல. அதுக்கு முன்னாடி சி மொழிக்கு மாத்திக்கிட்டு இருந்துச்சு. இப்ப செய்யுறது, உங்க மேட்லாப் ஸ்க்ரிப்ட் ஃபைல்களையும் அதுங்க கூப்பிடுற மத்த ஃபைல்களையும் தேடிப் பொறுக்கி, என்க்ரிப்ட் பண்ணி, ஒரு மூட்டையா கட்டி, மூட்டைய அவுக்கத் தெரிஞ்ச சின்ன எக்ஸி ஒண்ண முன்னாடி வெக்கிறதுதான். ஓட்டுற எடத்துல மேட்லாப் ரன்டைம்னு ஒண்ணு போடணும், அது இலவசம், ஆனா நீங்க கம்பைல் பண்ண அதே வெர்ஷனா இருக்கணும். ஓட்டுறவருக்கு லைசென்ஸ் தேவையில்ல. அதனால லைசென்ஸ் பஞ்சாயத்து முழுக்க உங்க மேசையிலதான், அந்த மூட்டை கட்டுற சில நிமிஷத்துலதான். (ட்ரையல் லைசென்ஸ்ல கட்டின எக்ஸி மட்டும் 30 நாளோட நின்னுடும். "போன மாசம் ஓடுச்சே சார்"னு யாராவது போன் பண்ணா மொதல்ல இதத்தான் பாக்கணும்.)

இப்ப லைசென்ஸ் சர்வர். காலேஜ், கம்பெனி மாதிரி எடங்கள்ல மேட்லாப் லைசென்ஸ் பெரும்பாலும் ஒரு பொது சர்வர்ல இருக்கும். அதுக்குள்ள ஓடுறது ஃப்ளெக்ஸ்நெட், பழைய பேரு ஃப்ளெக்ஸ்எல்எம். இத செஞ்ச க்ளோப்ட்ராட்டர் கம்பெனிய அப்புறம் வாங்கினது மேக்ரோவிஷன், அதாவது அந்தக் காலத்து வீடியோ கேசட்ட இன்னொரு கேசட்ல காப்பி எடுத்தா படம் மங்கி மங்கித் தெரியுற மாதிரி வித்தை பண்ணாங்களே அதே கம்பெனி. காப்பி தடுக்குறது அவங்களுக்குப் பரம்பரைத் தொழில் மாதிரி.

லைசென்ஸ் ஃபைல நோட்பேட்ல தெறந்து பாத்தா வெறும் எழுத்துதான் இருக்கும், ஒவ்வொரு ப்ராடக்ட்டுக்கும் இன்க்ரிமென்ட்னு ஆரம்பிக்கிற ஒரு வரி, அதுல எத்தன பேரு, எந்த தேதி வரைக்கும், எந்த மெஷின், கடைசில புரியாத ஒரு நீள நம்பர். அந்த நம்பர் டிஜிட்டல் கையெழுத்து. ஒண்ண பத்துன்னு திருத்தினீங்கன்னா கையெழுத்து பொருந்தாது, மைனஸ் 8 எரர் வரும். பேர்ல ஒரு எழுத்து பெருசா சின்னதான்னு கூட சில எடத்துல பாக்கும், மைனஸ் 9 வந்தா யூசர்நேமையும் மெஷினோட அடையாள நம்பரான ஹோஸ்ட் ஐடியையும் பாருங்க. மைனஸ் 15ன்னா சர்வருக்கே போய்ச் சேர முடியலன்னு அர்த்தம், பெரும்பாலும் ஃபயர்வால் 27000ங்கிற போர்ட்ட அடைச்சு வெச்சிருக்கும். மைனஸ் 10ன்னா தேதி முடிஞ்சுடுச்சு. தேதி முடிஞ்சவுடனே கடிகாரத்த பின்னாடி தள்ளி வெக்கலாம்னு எல்லாருக்கும் ஒரு நாள் தோணும், எனக்கும் தோணுச்சு, அதுக்குன்னே மைனஸ் 88 இருக்கு. சிஸ்டம் ஃபைல்கள்ல எதுக்காவது "இன்னிக்கு"விட நாளைய தேதி போட்டிருக்கான்னு அது எட்டிப் பாக்கும், நாளைக்குப் பொறந்த ஃபைல் இன்னிக்கே இருந்தா திருட்டு வெளிச்சமாயிடும்.

இந்த மாணவருக்கு வர்றது இதுல எதுவும் இல்ல. இதெல்லாம் வந்தா வந்துக்கிட்டே இருக்கும், டீ குடிச்சா போகாது. வந்து வந்து போறதுன்னா ஒண்ணுதான், லைசென்ஸ் இருக்கு, ஆனா இந்த நிமிஷம் வேற யார்கிட்டயோ இருக்கு.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் வருது. பழைய வாடகை சைக்கிள் கடை ஞாபகம் இருக்கா, நோட்டுல பேரும் நேரமும் எழுதிட்டு சைக்கிளக் கொடுப்பாங்க. எடுத்துட்டுப் போன பையன் அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டு மரத்தடியில சாச்சு வெச்சுட்டு கோலி ஆடிக்கிட்டு இருந்தாலும் நேரம் முடியுற வரைக்கும் சைக்கிள் அவன் பேர்லதான், நீங்க கடை வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். மேட்லாப் கம்பைலர் லைசென்ஸ் அச்சு அசல் இதேதான். வெளிய கமாண்ட் ப்ராம்ப்ட்ல இருந்து எம்சிசி அடிச்சீங்கன்னா அந்த நொடியில இருந்து 30 நிமிஷத்துக்கு அந்த லைசென்ஸ் உங்க பேர்ல. கம்பைல் வேலை ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சாலும் மிச்சம் 28 நிமிஷமும் உங்களோடதுதான், யாரும் தொட முடியாது. இது கோளாறு இல்ல, மேட்லாப் கம்பெனியோட டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு.

அதுக்குள்ள இன்னொரு சூட்சுமம் இருக்கு. அந்த 30 நிமிஷத்துக்குள்ள அதே ஆள் மறுபடி எம்சிசி அடிச்சா மிச்சம் இருந்த நேரம் தொடராது, புதுசா ஒரு 30 நிமிஷம் ஆரம்பிக்கும். யோசிச்சுப் பாருங்க, லேப்ல ஒரே ஒரு கம்பைலர் லைசென்ஸ், தீசிஸ் சமர்ப்பிக்கிற சீசன், ஒருத்தர் கம்பைல் பண்றார், ஓட்டிப் பாக்குறார், தப்பு வருது, திருத்துறார், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ மறுபடி கம்பைல் பண்றார். காலைல பத்து மணிக்குப் பிடிச்சா சாயந்திரம் அவர் வீட்டுக்குப் போய் அரை மணி ஆகுற வரைக்கும் மத்தவங்க யாருக்கும் கெடைக்காது. அவர் ஒரு தப்பும் பண்ணல. மொத்தமா கம்பைலருக்குப் போன நேரம் ஒரு மணி கூட இருக்காது.

இதவிட மோசம் மேட்லாப் ஜன்னலுக்குள்ளயே எம்சிசி அடிக்கிறது. அப்ப அரை மணிக் கணக்கே கெடையாது, அந்த மேட்லாப மூடுற வரைக்கும் லைசென்ஸ் அதுக்குள்ளயே மாட்டிக்கும். நம்ம ஆளுங்க மேட்லாப மூடுவாங்களா? ராத்திரி முழுக்க ஏதாவது சிமுலேஷன் ஓடும், ஸ்க்ரீன லாக் பண்ணிட்டு வெள்ளிக்கிழமை ஊருக்கு பஸ் ஏறிடுவாங்க, திங்கக்கிழமை வரைக்கும் லைசென்ஸும் ஊருக்குப் போயிடுச்சுன்னு வெச்சுக்கலாம்.

ஏன் இப்படி வெச்சாங்க? இது என் அனுமானம்தான், கணக்கு போட்டா புரியும். ஒரு கம்பைலுக்கு மூணு நிமிஷம்னு வைங்க, முடிஞ்சவுடனே லைசென்ஸ் திரும்பிடும்னா அரை மணியில பத்து பேர் மாத்தி மாத்தி அடிச்சுக்கலாம், ஒரு மாடி முழுக்க ஒரே லைசென்ஸ்ல ஓட்டிடுவாங்க. எடிட்டர் மாதிரி நாள் முழுக்கத் தெறந்திருக்குற சாஃப்ட்வேருக்கு இந்தக் கவலை இல்ல, நிமிஷத்துல வேலைய முடிச்சுட்டு எறங்குற சாஃப்ட்வேருக்குத்தான் இந்த மாதிரி இழுத்துப் பிடிக்கிற ஏற்பாடு வேணும்.

இப்ப டீக்கு வருவோம். மாணவர் ரீஸ்டார்ட் பண்ணது அவரோட சிஸ்டத்த, லைசென்ஸ் இருந்தது பக்கத்து டேபிள்ல. ரீஸ்டார்ட், டீ, திரும்ப மேட்லாப் தெறக்குறது (பழைய ஹார்ட் டிஸ்க்ல அதுவே ஒரு யுகம்), எல்லாம் சேந்து இருபது இருபத்தஞ்சு நிமிஷம் ஓடியிருக்கும், அந்த நேரத்துல பக்கத்து டேபிள்காரரோட கெடு முடிஞ்சிருக்கும். ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணா கூடுதலா பத்து நிமிஷம் போகும், அதனால சீனியர் மந்திரம் ஒரு தடவ ரீஸ்டார்ட்டவிட நல்லா பலிக்குது. 1948ல ஸ்கின்னர்ங்கிற உளவியல் ஆளு பசியோட இருந்த புறாக்களக் கூண்டுல விட்டு, அதுங்க என்ன செஞ்சாலும் செய்யாட்டியும் 15 நொடிக்கு ஒரு தடவ இரை வர்ற மாதிரி வெச்சார். ஒரு புறா இரை வர்றதுக்காக கூண்டுக்குள்ள இடப்பக்கமா சுத்த ஆரம்பிச்சுடுச்சு, இன்னொண்ணு தலைய மேல் மூலையில முட்டிக்கிட்டே இருந்துச்சு. 15 நொடிய 30 நிமிஷம்னு மாத்திக்கோங்க, கூண்ட லேப்னு மாத்திக்கோங்க. நான் படிச்ச எடத்துல லைசென்ஸ் சர்வருக்கு ஆயுத பூஜை அன்னிக்கு சந்தனம் குங்குமம் வெச்சு எலுமிச்சம்பழமும் வெட்டினோம், அது ஒரு சந்தோஷத்துக்கு, சரி. ஆனா ரெண்டு ரீஸ்டார்ட்ட ஜூனியருக்கு டெக்னிக்கல் அறிவுன்னு சொல்லித் தர்றதுதான் எனக்கு இடிக்குது.

சரி, என்ன செய்யணும். யார்கிட்ட இருக்குன்னு பாருங்க, எல்எம்ஸ்டாட்னு ஒரு கமாண்ட், எந்த லைசென்ஸ் யார்கிட்ட, எந்த மெஷின்ல, எத்தன மணில இருந்துன்னு பட்டியல் போட்டுடும். பேரைப் பாத்தவுடனே பாதிப் பிரச்சனை ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல முடியும். மேட்லாப்குள்ள லைசென்ஸ் டெஸ்ட்னு போட்டுப் பாத்து ஒண்ணுன்னு வந்தா ஏமாந்துடாதீங்க, அது ஃபைல்ல அப்படி ஒரு லைசென்ஸ் இருக்கான்னு மட்டும்தான் சொல்லும், இப்ப காலியா இருக்கான்னு சொல்லாது, அதுக்கு செக்அவுட்னு கேக்கணும். டெஸ்ட்ல சீரோ வந்தா கம்பைலரே வாங்கலன்னு அர்த்தம், மைனஸ் 5ம் பெரும்பாலும் அதேதான். கரன்ட் போயி லைசென்ஸ் வெச்சிருந்த மெஷின் பொசுக்குன்னு அணைஞ்சா சர்வருக்கு அது தெரியாம அவர் பேர்லயே வெச்சுக்கிட்டு இருக்கலாம், அப்ப அட்மின்கிட்ட சொல்லி எல்எம்ரிமூவ் அடிக்கச் சொல்லணும். எல்லாத்துக்கும் மேல, எம்சிசிய வெளிய ப்ராம்ப்ட்ல இருந்து அடிங்க, மேட்லாப்குள்ள அடிக்காதீங்க, அப்பதான் அரை மணியோடயாவது அடுத்தவருக்குப் போகும். அப்புறம் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கம்பைல் பண்ணாம, ஸ்க்ரிப்ட்டாவே ஓட்டி முழுசா சரி பாத்துட்டு கடைசில ஒரு தடவ மூட்டை கட்டுங்க.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார், இதுக்கு இன்னொரு லைசென்ஸ் வாங்கச் சொல்லி எழுதலாமான்னு. எழுதுங்க, ஆனா என் கருத்து வேற. ஆராய்ச்சிக்குன்னு வர்ற பணம் பாதி இப்படி வருஷா வருஷம் புதுப்பிக்கிற லைசென்ஸுக்கே போயிடுதோன்னு எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு, கருவி வாங்கினா பத்து வருஷம் லேப்ல நிக்கும், லைசென்ஸ் மார்ச் மாசத்தோட ஆவியாயிடும். 1992ல எழுத ஆரம்பிச்ச, மேட்லாப் மாதிரியே இருக்குற இலவச சாஃப்ட்வேர் ஆக்டேவ் இருக்கு, மேட்லாப் ஸ்க்ரிப்ட் நிறைய அதுல அப்படியே ஓடும். அதே மாதிரி இலவசமான சைலாப் இருக்கு, மத்திய அரசு பணத்துல ஐஐடி பாம்பேயில நடக்குற ஃபாஸி திட்டம் அது மாதிரி இலவச சாஃப்ட்வேர்கள நம்ம காலேஜ்களுக்குக் கொண்டு போகத்தான் உழைச்சுது. எக்ஸிதான் வேணும்னா பைத்தான் மொழியும் பைஇன்ஸ்டாலரும் போதும், அதுவும் இதே மாதிரி மூட்டை கட்டுற ஆளுதான், யார்கிட்டயும் போய் அரை மணி கேக்காது. ஆனா உங்க ஸ்க்ரிப்ட்ல மேட்லாப்போட சிமுலிங்க் மாடல், விலை கூடின டூல்பாக்ஸ்னு இருந்தா மாத்துறது லேசு இல்ல, அதையும் சொல்லிடறேன், தீசிஸுக்கு மூணு மாசம் இருக்கும்போது யாரும் அந்த வேலைல எறங்க வேணாம். இப்போதைக்கு எல்எம்ஸ்டாட் அடிச்சுப் பாருங்க. அந்தப் பட்டியல்ல உங்க சீனியர் பேரே இருக்கும்னுதான் எனக்குத் தோணுது.