பொதுப் பை யார் பெயரில் இருக்கிறது?

வருஷத்துக்கு இரண்டு மூன்று குழுக்களாவது என் அலுவலகப் படி ஏறிவிடுகின்றன. "சார், ஐடி வேலையை விட்டுட்டு ஒண்ணா நிலம் வாங்கி, ஒண்ணா சமைச்சு, ஒண்ணா வாழப்போறோம். ஆரோவில் மாதிரி." ஆசையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கடைசியாக வந்த ஒன்பது பேர் நிலத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டு வந்திருந்தார்கள். பணம் ஒன்பது பேருடையது, பத்திரம் ஒருவர் பெயரில். மாதச் செலவுக்கும் எல்லோரும் அவருடைய சேமிப்புக் கணக்குக்கே ஜிபே செய்கிறார்கள். ஒரு நீள நோட்டில் மளிகை, டீசல், மாட்டுத் தீவனம் என்று அழகாக எழுதியிருந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது மட்டும் இல்லை.

"எங்களுக்குள்ள அதெல்லாம் பார்க்கிறதில்ல சார்." அவர்களில் ஒருவர் பெருமையாகத்தான் சொன்னார்.

வருமான வரித்துறை பார்ப்பது அதைத்தான். முதலில் பத்திரம். அடுத்தவர் பணத்தில், அவருடைய நலனுக்காக ஒருவர் பெயரில் சொத்து இருந்தால் அதற்குப் பெயர் பினாமி. நண்பர்களுக்குள் பினாமியா என்று சிரித்தார்கள். சொத்து பறிமுதல், 1 முதல் 7 ஆண்டு வரை சிறை என்றதும் சிரிப்பு நின்றது. அடுத்து ஜிபே. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் சும்மா பெறும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் அவருடைய வருமானம். "இது என் பணமல்ல, பொதுச் செலவுக்கு வந்தது" என்று நிரூபிக்க அந்த நோட்டு போதாது.

ஆரோவிலை உதாரணம் காட்டுபவர்களுக்கு ஒன்று. 1968-இல் தொடங்கிய அந்த ஊருக்காக 1988-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டது. சொத்துகள் ஆரோவில் ஃபவுண்டேஷனிடம் இருக்கின்றன. நம் ஒன்பது பேருக்கு யாரும் சட்டம் போடப்போவதில்லை.

அமெரிக்காவில் இப்படி எல்லோர் பணமும் சேரும் பொதுப் பைக்கென்றே வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு; மதக் கூட்டுவாழ்வுக் குழுக்களுக்காக 1936-இல் வந்தது. வர்ஜீனியாவில் 1967-இல் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் குழு, நாங்களும் அதில் வருவோம் என்று வழக்காடி 1986-இல் வென்றது. கயிற்றுத் தூளிகளும் டோஃபுவும் செய்து விற்று வாழ்ந்தவர்கள் அவர்கள். குழு வரி கட்டாது. லாபத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்து, காசு கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவரவர் வருமானமாகக் காட்டுகிறார்கள். தலைக்கு வரும் பங்கு சிறியது என்பதால் வரியும் சொற்பம்.

இங்கே அந்த வசதி இல்லை. நாம் எந்த அமைப்பையும் பதிவு செய்யாமல் சேர்ந்து சம்பாதித்தால் சட்டம் அதை 'நபர்களின் கூட்டு' என்று எடுத்துக்கொள்ளும். பங்கு விகிதம் எழுதிவைக்கப்படவில்லை என்றால் உச்ச விகிதத்தில் வரி. எழுதிவைத்திருந்தாலும், உறுப்பினர்களில் ஒருவருக்கு வெளியே வரிவரம்பைத் தாண்டிய சம்பளம் இருந்தால் போதும், அதே கதி. எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவராவது வேலையை விடாமல் இருக்கிறார்!

"விவசாயத்துக்குத்தான் வரி இல்லையே?" இல்லைதான். நெல், காய்கறி, நாற்றங்கால் கன்றுகள் வரை விலக்கு உண்டு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வரும் பணத்துக்கும் உண்டு. தேங்காயாக விற்றால் வரி இல்லை. செக்கில் ஆட்டி எண்ணெயாக விற்றால் தேங்காயின் சந்தை மதிப்புக்கு மேல் வரும் லாபம் தொழில் வருமானம். தங்கும் குடில், வார இறுதிப் பயிற்சி முகாம் முழுக்கவே தொழில். நான் பார்த்தவரை ஒன்பது குடும்பத்துக்குச் சோறு போடுவது நெல் அல்ல, எண்ணெயும் குடிலும்தான்.

டிரஸ்ட் போடலாமா என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். பொதுமக்களுக்கான அறக்கட்டளைக்குத்தான் விலக்கு. நிறுவியவர்களே தங்கி, அவர்களே சாப்பிட்டால் அது போய்விடும்.

அதனால் நான் சொல்வது இரண்டு அடுக்கு. நிலம் எல்லோர் பெயரிலும், பத்திரத்தில் பங்கைக் குறிப்பிட்டு. தொழில் ஒரு கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனத்தில். எண்ணெய், குடில் லாபம் 27 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் கூட்டாக இருந்தால் 8 லட்சத்துக்குக் குறையாமல் வரி. நிறுவனமாக இருந்து, உழைக்கும் பங்குதாரர்களுக்குச் சம்பளம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 18 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். மீதி 9 லட்சத்துக்கு 31.2 சதவீதம், அதாவது 2,80,800 ரூபாய். தலைக்கு 2 லட்சம் சம்பளம் வாங்குகிறவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை; சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்த வரியை (டிடிஎஸ்) ரிட்டர்ன் போட்டு வாங்கிக்கொள்ளலாம். உழைக்கிறவருக்குத்தான் இந்தச் சம்பளம், சென்னையில் உட்கார்ந்து வாழ்த்து அனுப்புகிறவருக்கு அல்ல.

ஜிஎஸ்டியில் ஒரு கண்ணி இருக்கிறது. விவசாயிக்குப் பதிவு வேண்டாம் என்பது தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். நிறுவனம் அதில் வராது. குடில் வாடகையும் இருந்தால் பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பு 20 லட்சம், அதில் வரியில்லாத காய்கறி விற்பனையையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

(பிரிவு எண் எதையும் எழுதவில்லை. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம். பழைய எண்கள் மாறிவிட்டன.)

அப்புறம், ஒப்பந்தத்தில் நான் முதலில் கேட்பது கடைசிப் பக்கம். விலகுகிறவருக்கு எவ்வளவு, எந்த விலையில், எத்தனை தவணையில்? போர்வெல்லுக்குப் போட்ட பணம் திரும்ப வருமா? நட்ட தென்னைக்குப் பங்கு உண்டா? அன்று வரிக் கணக்குப் பேச இருபது நிமிடம் ஆனது. இதற்கு இரண்டு மணி நேரம் ஆகியும், தென்னை விஷயம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது.